இசைச் சாமான்களின் ஒறிஜினல் பெட்டி: வைக்கிறதோ, எறியிறதோ? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீபோட், கிற்றார், மைக், மிக்சர் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டுவிட்டோம். ஒரு பதிலில் சொன்னதை மற்றதில் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே முதலில் இருந்து வாசிப்பது நல்லது.

பெட்டியை வைச்சிருந்தா உண்மையாவே விலை கூடுமோ?

கூடும். ஆனால் மட்டைக்காக எவரும் காசு தருவதில்லை. விலைகூடின கீபோட்டோ கிற்றாரின் ஒலியை மாற்றுகிற பெடலோ விற்கப் போனால் வாங்குகிற ஆள் பெரும்பாலும் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பார். இங்கிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். கொம்பனிப் பெட்டி இருந்தால் சாமானைப் பயமில்லாமல் ஏற்றிவிடலாம். இல்லாவிட்டால் உள்ளூரில் கேட்கிற நாலைந்து பேரின் விலைக்கு இறங்கவேண்டி வரும். பெட்டியின் முதல் பெறுமதி, அது வாங்குகிறவர்களின் வட்டத்தைப் பெருப்பிப்பதுதான்.

இரண்டாவது, நம்பிக்கை. பெட்டி, பில்லு, அடப்டர், கையேடு எல்லாம் ஒன்றாய் வந்தால், இதை வைத்திருந்தவர் சாமானைப் பார்த்துப் பாவித்திருக்கிறார் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். பேரம் பேசுவது குறையும்.

எத்தினை வீதம் கூடும்? ஒரு கணக்குச் சொல்லுங்கோ.

இத்தனை வீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம். ஒரு நேரடிக் கணக்கு இருக்கிறது. உங்களிடம் பெட்டியும் உள்ளே வந்த சாமான்களும் இல்லையென்றால், வாங்குகிறவர் அவற்றை ஈடுசெய்ய என்ன செலவழிக்கவேண்டும்? ஒறிஜினல் அடப்டரின் விலை, நோட்ஸ் ஸ்ராண்ட் கிடைத்தால் அதன் விலை, பாதுகாப்பாய் ஒரு பெட்டி கட்டுகிற கூலி, வழியில் உடைந்தால் வரக்கூடிய நட்டம். இவற்றைக் கூட்டினால் வருகிற தொகையைத்தான் அவர் விலையில் இருந்து கழிக்கப் பார்ப்பார்.

பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டுபோகிற சின்னக் கீபோட்டுக்கு அந்தத் தொகை ஏறக்குறைய பூச்சியம். அடப்டரை மட்டும் கவனமாய் வைத்திருந்தால் போதும்.

எந்தச் சாமானுக்குப் பெட்டி முக்கியம்? எதுக்கு வேண்டாம்?

சிறியது, விலைகூடியது, போலி வருகிறது: இந்த மூன்றும் சேர்ந்த சாமானுக்குப் பெட்டி மிக முக்கியம். பொஸ் போன்ற கிற்றார் பெடல்கள், ஷூர் மைக்குகள், ஓடியோ இன்ரபேஸ் (மைக்கையும் கிற்றாரையும் கணினியோடு இணைக்கிற பெட்டி), வயர்லெஸ் மைக் செற் எல்லாம் இந்த வகை. பெட்டிகளும் சிறியவை, ஒரு அலுமாரித் தட்டில் பத்துப் பெட்டி அடங்கும். இதை எறிவதற்குக் காரணமே இல்லை.

அடுத்தது 61 கட்டைக்கு மேற்பட்ட கீபோட்டுகள், ஸ்ரூடியோ ஸ்பீக்கர்கள், மிக்சர்கள். இவற்றின் பெட்டி இடத்தைப் பிடிக்கும், ஆனால் அனுப்பும்போது காப்பாற்றும். மேடை ஸ்பீக்கர், பவர் அம்ப், ஸ்ராண்ட், நீண்ட கேபிள் இவற்றின் பெட்டிக்கு ஒருவரும் ஒரு சதம் கூட்டித் தரமாட்டார்கள். கோயில் திருவிழாக்களுக்கு வாடகைக்குக் கொடுத்த ஸ்பீக்கரில் வாங்குகிறவர் பார்ப்பது கூம்பையும் ஒலியையும்தான்.

பெட்டிக்குள்ள இருந்த எல்லாத்தையும் வைக்க வேணுமோ? எது குப்பை?

வைக்கவேண்டியவை: இரண்டு தொங்கலிலும் வருகிற ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளைப் போம்) அச்சு அல்லது மடித்த மட்டை அச்சு, சாமானைச் சுற்றி வந்த மெல்லிய போம் பை, அடப்டர், பவர் வயர், நோட்ஸ் ஸ்ராண்ட், கையேடு, வொறண்டி காட், பில்லு, மென்பொருள் இலக்கம் அச்சிட்ட துண்டு, மேலதிக ஆணிகள். எறியக்கூடியவை: பல மொழி எச்சரிக்கைத் தாள்கள், விளம்பரத் தாள்கள், வயர் கட்டிவந்த கம்பித் துண்டுகள்.

இடநெருக்கடியால் ஒன்றை மட்டும்தான் வைக்கலாம் என்றால், வெளிப்பெட்டியை விட்டுவிட்டு உள் அச்சுகளை வையுங்கள். பலர் நேர்மாறாய்ச் செய்கிறார்கள். படம் அச்சடித்த வெளிப்பெட்டி அலுமாரிக்கு மேலே அழகாய் இருக்கும், அச்சுகள் குப்பையோடு எரிந்திருக்கும். மட்டைப்பெட்டி எங்கேயும் கிடைக்கும். அந்த மொடலின் வளைவுக்கு அளந்து வார்த்த அச்சு மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

புதுசா வாங்கி வந்தா எப்பிடிப் பிரிக்கிறது?

கத்தியின் அலகை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வெளியே விடாதீர்கள். மூடியின் நடுப்பிளவில் உள்ள ரேப்பை மட்டும் வெட்டுங்கள். மட்டையின் ஓரத்தை வெட்டினால் பெட்டி திரும்ப இறுக மூடாது. அடிப்பக்க ரேப்பை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

ஒவ்வொரு படியாய் எடுக்கும்போதும் போனில் ஒரு படம்: மூடி திறந்ததும் ஒன்று, மேல் மட்டையை எடுத்ததும் ஒன்று, வயர்கள் எந்தக் குழிக்குள் இருந்தன என்று ஒன்று. மூன்று வருடத்துக்குப் பிறகு திரும்பக் கட்டும்போது இந்த மூன்று படமும் அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும். இடது அச்சும் வலது அச்சும் ஒரேமாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் வேறு வேறு. மார்க்கர் பேனையால் ஓரத்தில் இ, வ என்று எழுதிவிடுங்கள்.

வீட்டில இடமில்லை. மடிச்சு வைக்கலாமோ?

தாராளமாய். இப்போது அடிப்பக்க ரேப்பையும் வெட்டிப் பெட்டியைத் தட்டையாக்குங்கள். கீபோட் பெட்டி அப்படி மடிந்தால் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே நுழையும். அடியைக் கம்பி ஊசியால் தைத்திருந்தால் ஊசிகளைச் சாவணத்தால் நிமிர்த்திக் கழற்றுங்கள். இழுத்துப் பிய்த்தால் மட்டை கிழியும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு போன்ற கடலோரப் பக்கங்களில் அந்த ஊசிகள் உப்புக் காற்றில் ஒரு வருடத்திலேயே துருப்பிடித்து மட்டையில் கறை விடும். கழற்றிவிடுவதே நல்லது.

ரெஜிபோம் அச்சுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பையில் மொடல் பெயரை எழுதுங்கள். அச்சை உடைத்துச் சிறிதாக்க வேண்டாம். ரேப்பால் ஒட்டிய ரெஜிபோம் பாரம் விழுந்ததும் அதே இடத்தில் பிரியும்.

எங்க வைக்கிறது? பரணிலயோ, கட்டிலுக்குக் கீழயோ?

சீற் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் மோசமான இடம். பங்குனி, சித்திரை வெயிலில் அங்கே ரேப்பின் பசை உருகி வழியும், பிறகு காய்ந்து ரேப் தானாய் உரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுக்கு முதலில் விழுவதும் அங்கேதான். ஓட்டு வீட்டின் பரண் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் எலி பிடித்தமாய் ஓடுகிற பாதை அது.

நிலத்தில் நேராய் வைக்கவேண்டாம். நாலு சீமெந்துக் கல்லு, அதற்கு மேல் ஒரு பலகை. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி. சுவரோடு ஒட்டி வைத்தால் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. காற்றோட்டமும் இருக்காது. கட்டிலுக்குக் கீழே வைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கூட்டும்போது பெட்டியை இழுத்து எடுத்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று: நெளிமட்டை ஈரத்தில் பலம் இழக்கிறது. மாரி காலத்து ஈரக்காற்றில் அதன் தாங்குதிறன் பாதி வரைகூட இறங்கும். கோடையில் மூன்று பெட்டி தாங்கின அடிப்பெட்டி கார்த்திகையில் நெளிந்து போவது அதனால்தான். பாரமுள்ள பெட்டிகளை அடுக்காதீர்கள்.

கறையான், கரப்பொத்தான் வருது. பூச்சி உருண்டை போட்டாக் காணாதோ?

பூச்சி உருண்டை போடவே கூடாது. நப்தலின் ஆவி ரெஜிபோமை மெல்ல மெல்ல இளக்கும். மூடிய பெட்டிக்குள் உருண்டை பட்டுக்கொண்டிருந்த இடம் குழிந்து பசைபோல ஆகியிருக்கும். கீபோட்டின் உடலுக்குப் பாவிக்கிற பிளாஸ்ரிக்கும் ரெஜிபோமின் இனத்தைச் சேர்ந்ததுதான், அதற்கும் நல்லதில்லை. அதோடு அந்த மணம் கீபோட்டின் கட்டைகளுக்கு உள்ளே ஏறி மாதக்கணக்கில் போகாது. வாங்க வந்தவர் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்துவார்.

காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து வைத்தால் இராமபாணப் பூச்சி குறையும். பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், போடவேண்டாம். கறையானுக்கு மருந்து உயரமும் வெளிச்சமும்தான். மேலே சொன்ன கல்லு-பலகை முறையில் அது ஏறினால் மண்பாதை உங்கள் கண்ணில் படும்.

சாமானையே பெட்டிக்குள்ள போட்டு வைக்கலாமோ? ரெண்டு வருசம் வாசிக்க மாட்டன்.

வைக்கலாம், மூன்று வேலைகளைச் செய்துவிட்டு. முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். டபிள் ஏ அல்கலைன் பற்றரி கசிந்தால் உள்ளே இருக்கும் காரத் திரவம் சுருள் கம்பியையும் தகட்டையும் அரிக்கும். பிறகு பெட்டி எவ்வளவு புதிதாய் இருந்தும் பிரயோசனமில்லை. ஏற்கெனவே கசிந்திருந்தால் காதுக்குச்சியில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி தொட்டு வெள்ளைப் பொடி கரையும்வரை துடைத்து, பிறகு ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

இரண்டாவது, சாமானைக் காய்ந்த காலத்தில் மூடுங்கள். கார்த்திகையில் மூடினால் கார்த்திகைக் காற்றையும் சேர்த்துத்தான் மூடுவீர்கள். ஆடி மாதச் சோளகத்தில் தூசு பறக்கும், ஆகவே அறைக்குள் துடைத்து, சன்னலைச் சாத்திவிட்டு மூடுங்கள். மூன்றாவது, போம் பையை ரேப்பால் இறுக்கி அடைக்கவேண்டாம். சிலிக்கா ஜெல் (ஈரத்தைக் குடிக்கிற மணிகள்) இல்லாமல் அடைத்த பைக்குள் இரவுக் குளிரில் நீர் பனிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரை மணித்தியாலம் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு பொத்தானையும் திருகியையும் அசைத்துவிட்டு வையுங்கள்.

பொதிக்குள்ள வந்த சிலிக்கா ஜெல் பைக்கற்றை எறியிறதோ?

பெட்டியை ஒருமுறை திறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தால் அந்தப் பைக்கற் நிரம்பிவிட்டது. அதை அப்படியே திரும்ப வைப்பதால் ஒன்றும் இல்லை. நீல மணிகள் உள்ள வகை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். செம்மஞ்சள் வகை பச்சையாகும். வெள்ளை மணி மாறாது, அதனால் ஒன்றும் தெரியாது.

நிறம் மாறினதைப் பைக்கற்றில் இருந்து கொட்டி, சுமார் 120 பாகை சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். வெயிலில் காயவைப்பது காணாது. சமையலுக்குப் பாவிக்கிற தாச்சியில் வறுக்கவேண்டாம். நீல வகையின் நிறம் கோபால்ற் சேர்மத்தால் வருவது, அது நஞ்சு.

அடப்டர் வயரை ரெஜிபோமுக்குள்ள சுத்தி வைச்சன். ஒட்டிப் போச்சு. ஏன்?

வயரின் மேலுறை மெதுமெதுப்பாய் இருப்பதற்கு அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அது நாள்பட வெளியே கசிந்து ரெஜிபோமைக் கரைக்கும். வயர் அச்சுக்குள் புதைந்து, கறுப்புப் பிசுபிசுப்போடு ஒட்டிக்கொள்ளும். வெப்பமான அறையில் இது சில மாதங்களிலேயே நடக்கும். கொம்பனி ஒவ்வொரு வயரையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் போட்டு அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பைகளை எறிந்துவிட்டால் சாதாரண சிப் பை போதும்.

இதேபோலத்தான் கடினக் கேஸ்களுக்குள் இருக்கும் கறுப்பு மெத்தைப் போமும். எங்கள் ஈரச் சூட்டில் சில வருடங்களில் அது இளகி, தொட்டால் கையில் ஒட்டுகிற தூளாகும். பழைய கேஸ் வாங்கும்போது விரலால் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். விரல் தடம் மீளாமல் நின்றால், சாமானை அதற்குள் ஒரு இரவுகூட வைக்காதீர்கள்.

அடப்டர் துலைஞ்சிட்டுது. கடையில ஒண்டை வாங்கி வைச்சு விக்கலாமோ?

வைக்கலாம், ஆனால் ஒறிஜினல் இல்லை என்று சொல்லி விற்கவேண்டும். வோல்ற்றேச்சும் துருவமும் சரியாய்ப் பொருந்தவேண்டும். யமஹாவின் பல கீபோட்டுகள் 12 வோல்ற், நடுமுனை நேர். பொஸ் பெடல் 9 வோல்ற், நடுமுனை மறை. கசியோவின் அண்மைய சிறு கீபோட்டுகள் 9.5 வோல்ற். குழாய் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகினால் சாமான் போய்விடும். சாமானின் பின்பக்கத்தில் வட்டமும் கூட்டல் கழித்தல் குறியும் போட்ட சின்னப் படம் இருக்கும். அதைப் பார்த்து, அம்பியர் அளவு சமமாகவோ கூடவோ உள்ளதை எடுங்கள்.

வீட்டில் நாலு கறுப்பு அடப்டர் கிடந்தால் இன்றைக்கே ஒவ்வொன்றிலும் சாமானின் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெட்டியை வைத்திருக்கிறதைவிட இது பெரிய லாபம்.

பெட்டி இல்லை. கீபோட்டைக் கொழும்புக்கு அனுப்ப வேணும். என்ன செய்யிறது?

சைக்கிள் கடையில் புதுச் சைக்கிள் வந்த பெட்டியைக் கேளுங்கள். ஏறக்குறைய 140 செ.மீ. நீளம், 75 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். உயரத்தை வெட்டி மடித்தால் 61 கட்டைக் கீபோட்டுக்கும் 76 கட்டைக்கும் பொருந்தும். இரண்டு அடுக்கு நெளிவுள்ள மட்டையாய்ப் பார்த்து எடுங்கள். வெட்டுமுகத்தில் இரண்டு வரிசை நெளிவு தெரியும்.

எல்லாப் பக்கமும் 5 செ.மீ. போம் இருக்கவேண்டும், இரு தொங்கலிலும் 8 செ.மீ. இருந்தால் நல்லது. கீபோட் பொதி விழுவது பெரும்பாலும் தொங்கலில்தான். வெள்ளையாய் வளைகிற போம் தகடு, ரிவி, பிரிட்ஜ் விற்கிற கடைகளின் கழிவில் கிடைக்கும். பத்திரிகையைக் கசக்கித் திணிக்கவேண்டாம். வவுனியா தாண்டுவதற்குள் அது தட்டையாகி, கீபோட் உள்ளே ஓட ஆரம்பிக்கும். கட்டியபின் பொதியைத் தூக்கிக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து மீண்டும் திணியுங்கள்.

கிற்றாருக்கு இன்னொரு கவனம். கம்பிகளை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழும் மேலும் போம் வையுங்கள். தலை அந்தரத்தில் நின்றால், பொதி படுத்தபடி விழும்போது கழுத்து முறிவது தலை தொடங்குகிற இடத்தில்தான்.

பஸ்ஸில போடுறதோ, கொரியரோ, ரயிலோ?

இரவு பஸ் மலிவு, மறுநாள் காலையே போய்ச்சேரும். ஆனால் கீழ்ப் பெட்டகத்தில் உங்கள் பொதிக்கு மேல் என்ன ஏறும் என்று தெரியாது. நடத்துனரிடம் சொல்லி, பாரங்கள் ஏறினபின் கடைசியாய் ஏற்றுங்கள். வாங்குகிறவர் கொழும்பில் நேரில் நின்று எடுக்கவேண்டும். ரயிலில் பொதிப் பகுதிக்குப் பதிந்து கொடுக்கலாம். அங்கே குலுக்கல் குறைவு, ஏற்றி இறக்கும்போதுதான் கவனம் தேவை.

கொரியர் என்றால் பொதியின் பருமனையும் கணக்கெடுப்பார்களா என்று முதலே கேளுங்கள். விமானக் கொரியர்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது வழக்கம். 120, 50, 25 என்ற பெட்டிக்கு அது 30 கிலோ. உள்ளே இருக்கிற கீபோட் 12 கிலோவாய் இருந்தாலும் 30 கிலோவுக்குத்தான் காசு. தேவைக்கு மிஞ்சின பெட்டியில் கட்டினால் காற்றுக்குக் காசு கட்டுவீர்கள்.

எதில் அனுப்பினாலும் ஒறிஜினல் பெட்டிக்கு மேல் பழுப்புத் தாள் சுற்றுங்கள். அச்சடித்த பெட்டியில் நேராய் ரேப்பும் முகவரியும் ஒட்டினால், அடுத்த முறை விற்கும்போது அது கந்தலாய்த்தான் இருக்கும். உள்ளே கோர்க் கீபோட் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கவும் தேவையில்லை.

மாமா கனடாவில இருந்து கொண்டுவாறார். பெட்டியோட கொண்டுவரச் சொல்லுறதோ?

கப்பலில் வருகிற பொதியென்றால் பெட்டியோடு. விமானத்தில் கையோடு கொண்டுவந்தால் அளவு பாருங்கள். பல விமான நிறுவனங்களில் நீளம், அகலம், உயரத்தின் கூட்டல் 158 செ.மீ.க்கு மேல் போனால் தனிக் கட்டணம். மேலே சொன்ன 120, 50, 25 பெட்டியின் கூட்டல் 195. இடையில் சென்னையில் இறங்கிப் பலாலிக்கு வருகிறவர்கள் இன்னும் கவனம். அந்தப் பாதையில் பறப்பவை ஏ.ரி.ஆர். 72 என்ற சிறு விமானங்கள். நீளமான பொதியை ஏற்றுவார்களா என்று பயணத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வரமுடியாவிட்டால் மாமாவிடம் பெட்டியின் படத்தையும் தொடர் இலக்கம் ஒட்டின மூலையை வெட்டின துண்டையும் கேளுங்கள், அதுவாவது இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் மின்னழுத்தம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. அடப்டரில் 100–240 என்று இருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். பவர் அம்ப், பழைய கிற்றார் அம்ப் போன்ற, உள்ளே ட்ரான்ஸ்போமர் உள்ள சாமான் 120 மட்டும் என்று இருந்தால், இங்கே நேராய்ச் செருகின உடனேயே எரியும். விற்கும்போது இதை மறைத்தால், பெட்டியில் ஒட்டியிருக்கிற 120 வோல்ற் துண்டே காட்டிக்கொடுக்கும்.

நான் றோட் கேஸ் செய்து வைச்சிருக்கிறன். இனிப் பெட்டி எதுக்கு?

கிழமைக்கு இரண்டு கச்சேரிக்குப் போகிற இசைக்குழுவுக்கு றோட் கேஸ் (பலகையில் செய்த பயணப் பெட்டி) இல்லாமல் முடியாது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மட்டைப்பெட்டியில் கட்டி அவிழ்ப்பவர் இல்லை. ஆனால் பாரத்தைக் கவனியுங்கள். 102 செ.மீ. நீளமான கீபோட்டுக்கு உள்ளே போமோடு கேஸ் செய்தால் ஏறக்குறைய 1.7 சதுர மீற்றர் பலகை போகும். 9 மி.மீ. பிளைவூட்டில் பலகை மட்டும் 9 கிலோ, அலுமினிய மூலையும் பூட்டும் வேறு. 6 மி.மீ. போட்டால் 3 கிலோ குறையும், ஆனால் மேலே ஆள் ஏறி நிற்க ஏலாது.

விற்கும்போது கேஸைத் தனி விலையாய்ப் பேசுங்கள். கீபோட்டை வாங்குகிறவர் வீட்டில் வாசிக்கிறவர் என்றால் அவருக்கு அது வேண்டாத பாரம். அவரிடம் மட்டைப்பெட்டிதான் உதவும்.

மிருதங்கம், வீணை, சுருதிப்பெட்டிக்கும் இது பொருந்துமோ?

மின்சுருதிப்பெட்டிக்கு அப்படியே பொருந்தும். அதை ஒரு சிறு கீபோட் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி, அடப்டர், கையேடு. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைப் பக்கத்தில் படித்து முடிக்கிற பிள்ளைகள் கைமாற்றிக்கொள்கிற சாமான்களில் அடப்டரோடு வருவது உடனே போகும்.

மிருதங்கம், தவில், வீணைக்குக் கொம்பனிப் பெட்டி என்று ஒன்று இல்லை. அங்கே விலையைத் தீர்மானிப்பது மரமும் செய்தவரின் கையும். வீணைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மெட்டுகள் (தந்திக்குக் கீழே இருக்கிற உலோகக் கட்டைகள்) பதிந்திருப்பது மெழுகில். மத்தியான வெயிலில் பூட்டின வானுக்குள் பெட்டியோடு விட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும். எந்தப் பெட்டியும் அதைத் தடுக்காது. இரவில் ஏற்றுங்கள்.

பெட்டியில இருக்கிற தொடர் இலக்கமும் சாமானில இருக்கிறதும் வேற வேற. பிரச்சினையோ?

ஒரே மொடல் இரண்டு வைத்திருந்த இசைக்குழுவில் பெட்டி மாறியிருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லவேண்டும். கடையில் வேறொருவரின் பெட்டியை வாங்கிப் போட்டு முழுச் செற் என்று விற்பது ஏமாற்று. வாங்குகிறவர் இரண்டு இலக்கங்களையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும், அதோடு மற்ற எல்லாச் சொல்லும் பொய்யாய்ப் போகும். பெட்டியைப் பாதுகாப்புக்கு மட்டும் வேறிடத்தில் எடுத்தீர்கள் என்றால் இலக்கம் ஒட்டின துண்டை உரித்துவிடுங்கள்.

பெட்டியோட வந்தா ஒறிஜினல்தானே? நம்பி வாங்கலாமோ?

நம்பக்கூடாது. ஷூர் எஸ்.எம். 58 உலகத்தில் மிக அதிகமாய்ப் போலி செய்யப்படுகிற மைக்குகளில் ஒன்று. போலிக்குப் பெட்டி, பை, பிடி எல்லாம் சேர்ந்தே வரும். தங்கம் நிறுக்கிற தராசில் இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசிலாவது வையுங்கள்: ஒறிஜினல் 298 கிராம். 20, 30 கிராம் குறைந்தாலே சந்தேகப்படுங்கள். கூட்டைத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள், எழுத்து மங்கலாய் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் நம்பிக்கையான இன்னொரு எஸ்.எம். 58 உடன் ஒரே மிக்சரில், ஒரே அளவில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

கடை விலையின் பாதிக்குக்கூட வராத விலையில் ரேப் வெட்டாத புதுப்பெட்டி என்றால், அந்தப் பெட்டிதான் முதல் சந்தேகம்.

பெட்டி மழையில நனைஞ்சிட்டுது. எறியிறதோ?

உடனே உள்ளே இருப்பதை எடுங்கள். பெட்டியைத் தட்டையாக்கி நிழலில், காற்றில் காயவையுங்கள், மேலே ஒரு பலகையைப் பாரமாய் வைத்து. வெயிலில் போட்டால் வளையும், அச்சு மை வெளிறும். காய்ந்தபின் மூலையை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். விறைப்பாய் நின்றால் பாவிக்கலாம். மெத்தென்று அமுங்கினாலோ கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தாலோ போகட்டும். பூஞ்சணம் பிடித்த பெட்டியோடு விற்கப் போனால், அறை முழுவதும் ஈரமாய் இருந்தது, சாமானுக்குள்ளும் அதுதான் என்று வாங்குகிறவர் முடிவுசெய்வார். அந்த நேரத்தில் பெட்டி இல்லாமல் விற்பதே கூடின விலை தரும்.

விளம்பரத்தில என்ன மாதிரிப் போடுறது?

"புதுசு போல, பெட்டியோட" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒருவரும் வாசிப்பதில்லை. படம் பேசட்டும். ஒரு வெள்ளைப் பெற்சீற்றை விரித்து, சாமான், பெட்டி, இரண்டு அச்சுகள், அடப்டர், கையேடு, பில்லு எல்லாவற்றையும் பரப்பி மேலிருந்து ஒரு படம். தொடர் இலக்கத்தின் கடைசி மூன்று எண்களை விரலால் மறையுங்கள், பில்லில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் மறையுங்கள். இல்லாத ஒன்றை முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "நோட்ஸ் ஸ்ராண்ட் இல்லை." கொழும்பில் இருந்து கேட்கிற ஆள் அந்த ஒரு வரிக்குப் பிறகு மற்றதை நம்புவார்.

மார்கழிக் கரோல் தொடங்குவதற்கு முன் கீபோட்டைத் தேடுகிறவர்கள் கூட. புரட்டாதியிலேயே எடுத்துத் துடைத்து, படம் பிடித்து வையுங்கள். கார்த்திகை மழைக்குள் பெட்டியை முற்றத்தில் வைத்துப் படம் எடுக்க ஏலாது.

சரி, எப்பதான் எறியிறது?

வொறண்டி முடிந்து, விற்கிற எண்ணமும் இல்லாமல், பிள்ளை அடித்துப் பழகுகிற சாமான் என்றால் இன்றைக்கே எறியுங்கள். தொடர் இலக்கத் துண்டை மட்டும் வெட்டிக் கையேட்டுக்குள் ஒட்டிவிட்டு. வொறண்டி காலத்துக்குள் என்றால், பழுதான சாமானைப் பெட்டியோடுதான் எடுப்பார்களா என்று வாங்கின கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரெஜிபோமை மட்டும் முற்றத்தில் போட்டு எரிக்கவேண்டாம், அந்தக் கரும்புகை பொல்லாதது. பக்கத்தில் ரிவி திருத்துகிற கடையில் கொடுத்தால், அவர்கள் அதை வெட்டிப் பொதி கட்டப் பாவிப்பார்கள்.